சக்கரத்தை மண் தேர்ந்தெடுக்கட்டும்

மணல்மேட்டில் வண்டி ஓட்டுகிறவர் முதலில் டயரைப் பார்க்கிறார். சேற்றில் வண்டி இறக்கும் காவிரி டெல்டாவில் நாம் இன்ஜினைப் பார்க்கிறோம். இந்தத் தலைகீழ் வழக்கத்துக்கு வயலும் உளுந்தும் ஆற்று நீரும் விலை கொடுக்கின்றன.

டிராக்டர் வாங்கப் போகிறவரிடம் ஊரே கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை ஹெச்.பி.?’ என்பதுதான். அடுத்தது விலை, பிறகு மானியம், பிறகு லோன். டயரின் அகலம் என்ன, அதில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், அதன் பட்டை எவ்வளவு ஆழம், நம் வயலின் சேற்றில் இது நிற்குமா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. கம்பெனி மாட்டிக் கொடுத்ததே சக்கரம் என்று ஆகிவிடுகிறது. இதற்கு நேர் எதிரான பழக்கம் கொண்டவர்களும் உண்டு. மணல்மேடுகளில் ஏ.டி.வி. என்ற நான்கு சக்கர வண்டியை ஓட்டுகிறவர்கள், வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே டயரையும் ரிம்மையும் காற்றையும் பற்றிப் பேசிவிடுவார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்த்துத் திரும்பிய டெல்டாக்காரர்கள் பலருக்கு இது தெரிந்த விஷயம். பாலைவனத்துக்குள் இறங்குவதற்கு முன் ஜீப்புகளை ஓரங்கட்டி, ஏறத்தாழ பாதிக் காற்றை இறக்கிவிட்டுத்தான் மணலில் விடுவார்கள். அங்கே அது விளையாட்டு. இங்கே வண்டி புதைந்தால் நடவு தள்ளிப்போகும், அறுவடை நிற்கும், அடுத்து வர வேண்டிய உளுந்து போய்விடும். விளையாட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது நம் விவசாயத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இளகிய மண்ணில் வண்டியின் திறமை மண்ணும் சக்கரமும் சந்திக்கும் இடத்தில்தான் முடிவாகிறது. அந்த இடத்தைக் கவனிக்காமல் குதிரைத்திறனைக் கூட்டிக்கொண்டே போனால், கூடுதல் பணத்தைச் செலவழித்துக் கூடுதல் ஆழத்தில் புதைவோம்.

மணலின் கணக்கு, சேற்றின் கணக்கு

மணலும் சேறும் காலுக்கு ஒரே மாதிரி இளக்கமாகத் தெரியலாம். சக்கரத்துக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறான எதிரிகள். மண்ணின் வலு இரண்டு வழிகளில் வருகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1773-லேயே சொல்லிவிட்டார். துகளோடு துகள் உரசுவதால் வரும் வலு ஒன்று. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வரும் வலு இன்னொன்று. காய்ந்த மணலில் பற்றுதல் கிட்டத்தட்ட இல்லை, உரசல் மட்டுமே உண்டு. மேலிருந்து அழுத்தம் கூடக்கூட உரசலும் கூடும். நீர் நிறைந்த களிமண்ணில் நிலைமை நேர்மாறு. அங்கே உரசல் வேலை செய்யாது, பற்றுதல் மட்டுமே மிஞ்சும். எவ்வளவு எடையை ஏற்றினாலும் அந்தப் பற்றுதல் கூடாது. சக்கரம் எவ்வளவு பரப்பில் மண்ணைத் தொடுகிறதோ அந்த அளவுக்குத்தான் பிடிப்பு கிடைக்கும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு டிராக்டரின் பின் அச்சில் 1,200 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மணலின் உராய்வுக் கோணத்தை 30 டிகிரி என்று எடுத்தால், மண் தாங்கித் தரக்கூடிய இழுவை அதிகபட்சம் ஏறத்தாழ 690 கிலோ. அதே டிராக்டர் நன்றாக மசிந்த சேற்றில் நிற்கிறது. சேற்றின் பற்றுதல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம், இரண்டு பின்டயர்களும் சேர்ந்து மண்ணைத் தொடும் பரப்பு 3,000 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், கிடைக்கும் இழுவை வெறும் 150 கிலோ. இப்போது பின்னால் 300 கிலோ பாரம் ஏற்றுங்கள். மணலில் 170 கிலோ இழுவை கூடுகிறது. சேற்றில் பாரத்தால் நேரடியாக எதுவும் கூடுவதில்லை, வண்டி இன்னும் கொஞ்சம் அமிழ்கிறது, அவ்வளவுதான். டயருக்குள் தண்ணீர் ஏற்றுவதும் சக்கரத்தில் இரும்பு எடை மாட்டுவதும் காய்ந்த நிலத்து உழவில் நல்ல பலன் தரும் பழக்கங்கள். அந்தப் பழக்கத்தையே சேற்றுக்கும் கொண்டுவரும்போது அதே பாரம் வண்டியைப் புதைக்கும் பாரமாக மாறுகிறது.

இந்தக் கணக்கை வண்டிகளுக்குப் பொருத்தி ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் பெக்கர். 1956-ல் வெளிவந்த அவருடைய நூல், சாலையில்லாத நிலத்தில் வண்டி எப்படி நகர்கிறது என்பதற்கான அடிப்படை நூலாக இன்றும் இருக்கிறது. அந்தத் துறை சொல்லும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ஒரே பரப்பைப் பெறுவதற்கு டயரை அகலமாக்குவதைவிட, மண்ணில் பதியும் தடத்தை நீளமாக்குவது நல்லது. அகலமான சக்கரம் தனக்கு முன்னால் அதிக மண்ணைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நீளமான தடத்துக்கு அந்தச் சுமை குறைவு. பெரிய விட்டமுள்ள சக்கரம் சிறிய சக்கரத்தைவிட எளிதாக உருள்வதற்கும், பெல்ட் வண்டி சேற்றில் வெற்றி பெறுவதற்கும் காரணம் இதுதான். நம் பழைய மாட்டு வண்டிகளுக்கு ஆள் இடுப்புக்கு மேல் உயர்ந்த சக்கரத்தைச் செய்த தச்சர்கள் இந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை. ஆனால் எந்தச் சக்கரம் மழைக்காலப் பாதையில் நகரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மணல்மேட்டில் என்ன பார்க்கிறார்கள்?

ஏ.டி.வி.யின் வரலாறே டயரின் வரலாறுதான். 1970-ல் ஹோண்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. பலூன் போன்ற குறைந்த காற்றழுத்த டயர்களே குலுக்கலையும் தாங்கின, மணலில் மிதக்கவும் வைத்தன. இன்றைய நான்கு சக்கர ஏ.டி.வி.களின் டயரில் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ. காற்றுதான் இருக்கும். காருக்கு நாம் அடிக்கும் 30 பி.எஸ்.ஐ.யோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. டயர் எவ்வளவு காற்றில் நிற்கிறதோ, தரையின் மீது கிட்டத்தட்ட அவ்வளவு அழுத்தத்தைத்தான் அது தரும். அதனால் காற்றை இறக்குவது மணலுக்கான முதல் மருந்து. ஆனால் காற்றைக் குறைத்தால், திருப்பத்தில் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அதற்காகத்தான் டயரின் விளிம்பை ரிம்மோடு வளையம் வைத்து போல்ட் போட்டு இறுக்கும் ‘பீட்லாக்’ ரிம்களை வாங்குகிறார்கள். ரிம் சிறியதாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் உயரமாகி, காற்றை இறக்கும்போது தடம் நன்றாக நீளும் என்பதையும் பார்க்கிறார்கள்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அங்கே ஒரே டயர் கிடையாது. பின்னால் துடுப்புத் துடுப்பாக ரப்பர் பட்டை நிற்கும் ‘பேடில்’ டயர். ஒவ்வொரு துடுப்பும் ஒரு கை மணலை அள்ளிப் பின்னால் தள்ளி வண்டியை முன்னேற்றும். முன்னால் மழமழப்பான டயர், நடுவில் ஒன்றிரண்டு வரிகள் மட்டும். வண்டியைத் திருப்ப அது போதும். துடுப்பு எத்தனை, எவ்வளவு உயரம் என்பதை இன்ஜினின் சக்தியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சின்ன இன்ஜினுக்கு உயரமான துடுப்புகளை மாட்டினால் அவற்றைச் சுழற்றவே அது திணறும். மண் முதலில், எடை அடுத்து, அதற்கேற்ற சக்கரம், அதற்கேற்ற காற்று, கடைசியில் இன்ஜின் என்பதே அங்குள்ள வரிசை. இந்த வரிசைதான் நாம் கடன் வாங்க வேண்டியது. டயரை அப்படியே வாங்கி வந்தால் அது சேற்றில் பயன்படாது.

மணல்மேடு நமக்கு அந்நியமான நிலமும் கிடையாது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை டெல்டாவின் தென்கிழக்கு மூலையில் கடற்கரை மணல் நிறைய உண்டு. அங்கே வண்டி ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை எழுந்தால் அதை உடனே விட்டுவிடுவதே நியாயம். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். கடற்கரை மணல்மேடுகள், கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வருபவை. உப்புக் காற்றையும் அலையையும் தடுத்து உள்ளே இருக்கும் நிலத்தைக் காப்பவை அவை. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கொடிகளை எந்த டயரும் சேதப்படுத்தும், எவ்வளவு மென்மையான டயராக இருந்தாலும். இது மணல்மேட்டுக்கு மட்டும் உரிய நீதி இல்லை. சக்கரத்தால் மண்ணுக்கு என்ன ஆகிறது என்று கேட்கும் கடமை வயலுக்கும் பொருந்தும்.

வயலுக்கு இறங்கும் சக்கரம்

டெல்டா என்று ஒரே சொல்லில் சொன்னாலும் மண் ஒரே மண் இல்லை. காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவில் பெரும்பகுதி, நீர் பட்டால் இளகிக் காய்ந்தால் வெடிக்கும் கனமான களி. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புதிய டெல்டாவில் மணல் கலந்த செம்மண் அதிகம். கடலோரத்துக்குப் போனால் மணல்சாரியும் உவர் நிலமும். இந்த மூன்று நிலத்திலும் ஒரே டிராக்டர், ஒரே டயர், ஒரே காற்றோடு இறங்குகிறது. 40 முதல் 50 ஹெச்.பி. வரையுள்ள டிராக்டர்களில் பின்னால் 13.6-28 அளவு டயர் பரவலாக இருக்கும், முன்னால் 6.00-16. பின்டயர் சேற்றில் ஓரளவு சமாளிக்கும். இரு சக்கர இயக்கமுள்ள டிராக்டரின் முன்டயரோ ஒல்லியானது. அது சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி, தனக்கு முன்னால் ஒரு மேட்டைத் தள்ளிக்கொண்டே போகும். இன்ஜினின் உழைப்பில் ஒரு பகுதி அந்த மேட்டைத் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். டயர் பட்டையிலும் வகைகள் உண்டு. சாதாரண உழவுக்கு ‘ஆர்-1’. நெல் வயலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழமான பட்டையோடு ‘ஆர்-2’. மணலுக்கும் புல்தரைக்கும் ஆழம் குறைந்த பட்டையோடு ‘ஆர்-3’. டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் இந்தக் குறியைக் கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் கேஜ்வீல் வந்தது. ரப்பர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் முழு கேஜ்வீல், ரப்பர் சக்கரத்தின் வெளிப்பக்கம் சேர்த்து மாட்டும் அரை கேஜ்வீல் என்று இரண்டு வகை. இரும்புக் கூண்டு போன்ற இந்தச் சக்கரத்தின் குறுக்குப் பட்டைகள் சேற்றைக் கடந்து அடியிலுள்ள கெட்டித் தட்டைத் தொடுகின்றன. இடையில் திறந்த வெளி இருப்பதால் சேறு அடைத்துக்கொள்ளாமல் வழிந்து போகிறது. அதே சமயம் மண்ணையும் மசித்துவிடுகிறது. மணல்மேட்டு பேடில் டயரும் நம் கேஜ்வீலும் பார்வைக்கு உறவுக்காரர்கள் போலத் தெரியும். ஆனால் முன்னது மேலே மிதந்து போவதற்கானது, பின்னது அடியைத் தொட்டு நடப்பதற்கானது. இளகிய மண்ணைக் கடக்க இந்த இரண்டு வழிகளே உள்ளன. எந்த வழியை எந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் அறிவு இருக்கிறது. நடவு மெஷினைப் பாருங்கள். அதன் ஒல்லிச் சக்கரம் சேற்றைக் கிழித்துக் கெட்டித் தட்டில் ஊன்றி நடக்கிறது. நாற்றுத் தட்டின் பாரத்தையோ அகலமான மிதவைப் பலகை சேற்றின் மேல் தாங்குகிறது. நடவு நேராகவும் ஒரே ஆழத்திலும் அமைவதற்கு இந்த இரட்டை ஏற்பாடே காரணம். வேலையையும் மண்ணையும் முதலில் பார்த்து வடிவமைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் வயலிலேயே இருக்கும் சான்று இது.

அந்தக் கெட்டித் தட்டின் மதிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பல தலைமுறைச் சேற்றுழவால், பொதுவாக 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் உருவாகி நிற்கும் அந்த அடுக்குதான் வயலில் நீரை நிறுத்துகிறது. நடவுக்கு முன் நிலத்தைச் சேறாக்குவதற்கே 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீர் தேவைப்படுகிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பார்களா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் நாட்டில் அந்த நீர் சாதாரணமானதில்லை. பொருந்தாத சக்கரத்தோடு ஒரு கனமான வண்டி புதைந்து, சுற்றிச் சுற்றித் தோண்டி, மீண்டு வரும்போது அந்தத் தட்டு உடைகிறது. உடைந்த இடத்தில் நீர் கீழே இறங்குகிறது, அடுத்த போகத்தில் அங்கே வண்டி முன்னைவிட ஆழமாக உட்காருகிறது. ஒரு முறை புதைந்த வயல் மறுபடி மறுபடி புதைவதன் காரணம் இதுவே. சக்கரம் சுற்றும் அளவுக்கு வண்டி நகராததும் இழப்புதான். பத்துச் சுற்றில் மூன்று வீணாகிறது என்றால், பத்து லிட்டர் டீசலில் ஏறத்தாழ மூன்று லிட்டர் சேற்றைக் கிளறியதோடு சரி.

அறுவடையும் உளுந்தும்

சக்கரத் தேர்வின் விளைவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் அறுவடை. டெல்டாவுக்கு வரும் அறுவடை மெஷின்களை டயர் மெஷின், பெல்ட் மெஷின் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். பெரிய டயர் மெஷின் ஏழெட்டு டன் எடை. அதில் பெரும்பகுதி முன் அச்சின் இரண்டு டயர்கள் மேல் நிற்கும், டயர் தரையை அழுத்துவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. நெல்லுக்கென்று வந்த பெல்ட் மெஷின்கள் மூன்று டன் அளவில், அரை மீட்டர் அகலமுள்ள இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் மேல் நிற்கின்றன. அவற்றின் அழுத்தம் ஏறத்தாழ 200 கிராம் மட்டுமே. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் அழுத்தம் 300 கிராம் வரும். மனிதர் நிற்பதைவிட மெஷின் மென்மையாக நிற்கிறது என்பது நம்பக் கடினமாக இருக்கலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இந்த வேறுபாடு உளுந்துக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. சம்பாவோ தாளடியோ அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் பழைய முறை. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே அது முளைத்து, உழவோ பாசனமோ கேட்காமல் வளர்ந்து, விவசாயிக்குக் கைச்செலவுக்கான பணத்தையும் மண்ணுக்குத் தழைச்சத்தையும் தருகிறது. ஆள் வைத்து அறுத்த காலத்தில் இந்த முளைக்கு ஆபத்து குறைவு. மெஷின் அறுவடையில், முளைத்து நிற்கும் உளுந்தின் மேல்தான் வண்டி ஏறுகிறது. டயர் மெஷின் போன ஈர வயலில் ஆழமான பள்ளத் தடங்கள் விழுகின்றன. பள்ளத்தில் சிக்கிய முளை நசுங்கிப் போகிறது, பள்ளத்தில் தேங்கும் நீரால் பக்கத்துச் செடியும் அழுகுகிறது. பருவம் தப்பிய மழை பெய்த 2021 ஜனவரியையும் 2023 பிப்ரவரியையும் டெல்டா மறக்காது. சாய்ந்து நீரில் கிடக்கும் கதிரைப் பெல்ட் மெஷினால்தான் எடுக்க முடியும். அப்படிப்பட்ட வாரங்களில் அதற்கு ஆலாய்ப் பறக்க வேண்டியிருக்கிறது, வாடகையும் ஏறுகிறது.

பெல்ட் மெஷினையும் அப்படியே நல்ல பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மீட்டர் அகலம் அறுத்துக்கொண்டு போகும் வண்டியின் இரண்டு பெல்ட்டுகளும் சேர்ந்து ஒரு மீட்டர் என்றால், வயலில் பாதியை அது மிதித்துவிடுகிறது. நான்கு மீட்டருக்கு மேல் அறுக்கும் டயர் மெஷினின் முன்டயர்கள் மிதிப்பது கால் பங்குக்கும் குறைவு. திரும்பும் இடத்தில் பெல்ட் மண்ணைப் புரட்டுகிறது, முளையைப் பிடுங்குகிறது. ஆகவே காய்ந்து இறுகிய வயலில் டயர் மெஷினே விரைவானது, சிக்கனமானது. ஈர வயலுக்குப் பெல்ட் மெஷின்தான். எது சிறந்தது என்ற கேள்விக்கு வயலின் ஈரத்தைக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது. பெல்ட் மெஷின் ஓட்டுகிறவர் வயலின் நடுவில் திரும்பாமல் ஓரத்தில் மட்டும் திரும்பினாலே பாதி உளுந்து சேதம் தவிரும் இடங்கள் உண்டு. அறுவடைக்கு முன் நேரத்தோடு மடை திறந்து நீரை வடிப்பதும் இதோடு சேர்ந்ததே.

மறுப்புகளும் பதில்களும்

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. ‘வண்டி என்னுடையது இல்லையே, வாடகை வண்டிக்கு நான் எப்படிச் சக்கரம் தேர்ந்தெடுப்பது?’ பிரச்சினையின் வேரே இங்குதான் இருக்கிறது. மணல்மேட்டில் வண்டியும் டயரும் ஓட்டுகிறவருடையவை. புதைந்தால் நஷ்டம் அவருக்கே, அதனால் அவர் கவனிக்கிறார். டெல்டாவில் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவர் வண்டிக்காரர், மண் விவசாயியுடையது. வாடகை மணிக் கணக்கில் ஓடுவதால், சக்கரம் வெறுமனே சுற்றிய நேரத்துக்கும் விவசாயியே காசு கொடுக்கிறார். உடைந்த கெட்டித் தட்டும் அவருக்கு, போன உளுந்தும் அவருக்கு. தேர்வு ஒருவரிடமும் நஷ்டம் இன்னொருவரிடமும் இருந்தால் தேர்வு ஒருநாளும் திருந்தாது. வாடகையை மணிக்குப் பதிலாக மா என்ற நில அளவுக் கணக்கில் பேசினால், சேற்றில் வீணாகும் நேரம் வண்டிக்காரரையும் உறுத்தும். நல்ல சக்கரம் மாட்ட அவருக்கே அக்கறை வரும்.

இரண்டாவது மறுப்பு சாலையைப் பற்றியது. கேஜ்வீலோடு தார்ச்சாலையில் போகும் டிராக்டர்கள் சாலையைக் கொத்திக் குதறுகின்றன என்பது உண்மை. புதிதாகப் போட்ட கிராமச் சாலை ஒரு நடவுப் பருவத்தில் வீணாவதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது. மத்திய மோட்டார் வாகன விதிகளும் சாலையில் காற்றடைத்த டயரையே கேட்கின்றன. ஆனால் இதற்கான விடை கேஜ்வீலை வயலிலிருந்து விரட்டுவது இல்லை. வயலுக்கும் சாலைக்கும் ஒரே சக்கரம் போதும் என்ற எண்ணத்தை விடுவதே விடை. பேடில் டயரை மாட்டிக்கொண்டு யாரும் நெடுஞ்சாலையில் போவதில்லை, டிரெய்லரில் ஏற்றித்தான் மணலுக்குக் கொண்டுபோகிறார்கள். கேஜ்வீலையும் டிரெய்லரில் கொண்டுபோய் வரப்போரத்தில் மாட்டலாம். ரப்பர் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிய விட்டத்தில் செய்த அரை கேஜ்வீல், கெட்டியான சாலையில் தரையைத் தொடாமலே போகும். லேத்துப் பட்டறையில் ஆர்டர் கொடுக்கும்போதே இந்த அளவைக் கேட்டு வாங்க முடியும்.

மூன்றாவது மறுப்பு, மாடு மிதித்த காலத்தோடு ஒப்பிடுவது. மாட்டின் குளம்பு சிறியது, அதன் அழுத்தம் டயரின் அழுத்தத்துக்கு நிகராகவே வரும், அப்போது கெடாத மண் இப்போது மட்டும் ஏன் கெட வேண்டும் என்று கேட்கிறார்கள். மேல் மண்ணை இறுக்குவது தொடும் இடத்து அழுத்தம். ஆழத்து மண்ணை இறுக்குவது அச்சின் மொத்தப் பாரம். குளம்பின் பாதிப்பு சில விரற்கடை ஆழத்தோடு நின்றுவிடும். பல டன் பாரம் இறங்கும் அச்சு, கலப்பை எட்டாத ஆழம் வரை மண்ணை இறுக்கும். எனவே டயரை மட்டும் அகலமாக்கிவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு கனமான மெஷினை இறக்குவதும் தீர்வாகாது. எடையும் சக்கரத் தேர்வின் ஒரு பகுதிதான்.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். புதைந்த டிராக்டரின் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி இன்ஜினை முறுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சக்கரம் சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டால், இன்ஜினின் விசை வண்டியின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மீது கவிழ ஒன்றிரண்டு நொடி போதும். கட்டையைக் கட்டாதீர்கள். பின்னால் இருக்கும் கருவியைக் கழற்றி எடையைக் குறைத்து, இன்னொரு வண்டியால் தாழ்வான கொக்கியிலிருந்து மெதுவாக இழுப்பதே பாதுகாப்பு.

நாமக்கல் பாறையின் பாடம்

சக்கரத்தை மண்ணிடம் கேட்டுத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு விண்வெளி சாட்சி சொல்கிறது. 1971-ல் அப்பல்லோ 15 எடுத்துச் சென்ற நிலவு வண்டிக்கு ரப்பர் டயர் கிடையாது. உருக்குக் கம்பியைப் பின்னி, அதன் மேல் டைட்டானியம் பட்டைகளைப் பதித்த சக்கரங்கள் நிலவுத் தூளின் மேல் மிதந்தன. பின்னல் தளர்வாக இருந்ததால் தடம் நீண்டது, பட்டைகள் பிடிப்பைத் தந்தன. நம் இஸ்ரோ சந்திரயான் திட்டத்துக்காகச் செய்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுப் பகுதி மண்ணை ஒத்தது. அதைப் பொடியாக்கி, நிலவு மண் போன்ற தளத்தை பெங்களூரில் அமைத்துச் சோதனை செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய லேண்டரிலிருந்து வெளிவந்த 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர், ஆறு சக்கரங்களில் அங்கே ஊர்ந்து போனது. எடுத்து வர முடியாத மண்ணுக்காக, அதைப் போன்ற மண்ணை நம் மாநிலத்திலேயே தேடிப் பிடித்தார்கள். டெல்டாவின் மண்ணுக்கு அப்படித் தேட வேண்டிய அவசியமே இல்லை. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. திருச்சியை அடுத்த குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மண்ணும் இங்கே, அறிவும் இங்கே.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, டெல்டா மண் வகை ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும், எந்தச் சக்கரம், எவ்வளவு காற்று, எவ்வளவு எடை என்று ஒரு பரிந்துரை அட்டவணை வர வேண்டும். நெல் ரகத்துக்கும் உரத்துக்கும் பரிந்துரை தரும் நிறுவனங்களுக்கு இது புதிய வேலையாகத் தோன்றலாம், அவர்கள் எல்லைக்குள் அடங்கும் வேலைதான். இரண்டாவதாக, இயந்திரத்துக்கு மானியம் தரும்போது அந்த மானியம் சக்கரத்துக்கும் சேர்ந்து வர வேண்டும். அரை கேஜ்வீல், ஆழப்பட்டை டயர், காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவை டிராக்டர் விலையில் சிறு பகுதி. மூன்றாவதாக, வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாகவே பதிவு செய்ய முடிகிற காலம் இது. அதில் வயலின் மண்ணும் ஈரமும் கேட்கப்பட்டு, அதற்கேற்ற மெஷின் ஒதுக்கப்பட வேண்டும். பருவம் தப்பிய மழை அறிவிக்கப்படும் வாரங்களில் பெல்ட் மெஷின்கள் ஈர வயல்களுக்கு முதலில் போக வேண்டும், மேட்டு வயல்களுக்கு டயர் மெஷின்கள் போதும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. டயர் வாங்கும்போது பக்கவாட்டுக் குறியைப் படியுங்கள். சாலைக்கு ஒரு காற்று, வயலுக்கு ஒரு காற்று என்று டயர் கம்பெனியின் அட்டவணை சொல்லும் எல்லைக்குள் மாற்றுங்கள். சேற்றுழவுக்கு முன் டயரிலிருக்கும் தண்ணீரையும் இரும்பு எடையையும் இறக்குங்கள். அறுவடை மெஷினை அமர்த்தும்போது வாடகையைப் பேசும் அதே மூச்சில் டயரா, பெல்ட்டா என்றும், எங்கே திரும்பும் என்றும் பேசுங்கள். ஹெச்.பி.யைப் பற்றிப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் குதிரைத்திறன் முழுவதும் மண்ணை வந்தடைய ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது, அதன் பெயர் சக்கரம். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மண்ணுக்கு உரியவரிடம் வந்து சேர வேண்டும். வந்து சேரும்போது டீசல், தண்ணீர், உளுந்து ஆகிய மூன்றும் விவசாயியின் கணக்கில் மிச்சமாகும்.